பள்ளிக்கூடமும் மரியாதையும்

(திருநீர்மலையில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறு பிள்ளைகளுக்கு வகுப்பில் மரியாதை கற்றுக்கொடுப்பது எப்படி என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பேசிய தோழர், இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை என்பதே தெரியவில்லை என்றும், ஆசிரியர் வந்தால் எழுந்திருப்பதில்லை என்றும், ஒன்று சொன்னால் எதிர்த்து இரண்டு கேள்வி கேட்கிறார்கள் என்றும் வெகுவாக வருத்தப்பட்டார். அவர் வருத்தம் பொய் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொண்டை வறளக் கத்துகிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆனால், தோழர்களே! "மரியாதை, மரியாதை" என்று சொல்லுகிறோமே, அது என்ன என்று நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டாமா? நமக்கே தெரியாததைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? நான் சொல்லப்போவதை நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டையும் உங்கள் வகுப்பையும் நினைத்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் இந்த மலையடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பயம் வேறு, மரியாதை வேறு

நான் சிறு பிள்ளையாய் இருந்தபோது எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் தெருமுனையில் தலை காட்டினால் நாங்கள் ஆளுக்கொரு சந்தில் புகுந்து மறைந்துவிடுவோம். பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "பிள்ளைகளுக்கு வாத்தியாரிடத்தில் என்ன மரியாதை, பார்த்தீர்களா!" என்று மெச்சிக்கொள்வார்கள். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போன அன்றைக்கே அவருடைய பிரம்பை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டுவிட்டு, பொரி கடலை வாங்கித் தின்று கொண்டாடினோம். பெரியவர்கள் மெச்சிய மரியாதையின் யோக்கியதை அவ்வளவுதான். பிரம்பு இருந்தவரையில் அது இருந்தது. பிரம்பு கிணற்றுக்குள் போனதும் கூடவே போய்விட்டது.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மாத்திரமல்ல. 1823ஆம் வருஷத்தில், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பல்லாரி ஜில்லாவின் கலெக்டர் கேம்பெல் என்பவர், தமது ஜில்லாவிலிருந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கௌரவத்திற்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வந்தவனுக்கு ஒரு பூஜ்யம். மூன்றாவது வந்தவனுக்கு லேசாய் ஓர் அடி. நாலாவது வந்தவனுக்கு இரண்டு. இப்படியே வரவர ஓர் அடி ஏறிக்கொண்டே போகும். சோம்பேறிப் பிள்ளையை இரண்டு கைகளையும் கட்டி, கூரையிலிருந்து உருளையில் தொங்கவிடுவதும் உண்டென்று அவர் எழுதியிருக்கிறார். இதற்குத்தான் நம் பக்கத்தில் கோதண்டம் போடுவது என்று பெயர். ஒருவன் முதலில் வந்தால் இன்னொருவன் பின்னால்தானே வந்தாக வேண்டும்? எல்லாப் பிள்ளைகளும் கோழி கூவுமுன் எழுந்து ஓடிவந்தாலும் கடைசியாய் ஒருவன் இருக்கத்தானே செய்வான்? அவனை அடித்து அவனுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்கிறேன்.

"அடியாத மாடு படியாது" என்று சிலர் பழமொழி சொல்லுவார்கள். அது மாட்டைப் பற்றிய பழமொழி என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது மனிதராவதற்கேயொழிய ஏர் உழுவதற்கல்ல. பெற்றோர்களும் இதில் லேசுப்பட்டவர்களல்ல. பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும்போதே, "கண்ணு இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஐயா" என்று சொல்லி விட்டுவிட்டுப் போகிறவர்கள் இங்கேயே எத்தனை பேர் இருப்பீர்கள்?

போலந்து தேசத்தில் 1783லேயே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாதென்று செய்துவிட்டார்கள். நமது தேசத்தில் 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுதான் உடம்பை வருத்துவதும் மனதைப் புண்படுத்துவதும் கூடாது என்று சொல்லிற்று. போலந்துக்கும் நமக்கும் நடுவில் இருநூறு வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிருக்கிறது. சட்டத்தில் "மனதை" என்றும் ஒரு சொல் இருக்கிறது என்பதை ஆசிரியத் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறேன். பிரம்பை அலமாரிக்குள் வைத்துவிட்டு நாக்கால் அடிப்பதும் அடிதான்.

குருபக்திப் பாடம்

ஆசிரியரிடம் மரியாதை வேண்டும் என்பதற்கு நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவரும் கதை எது? ஏகலைவன் கதை. காட்டுச் சாதிப் பையன் என்று துரோணர் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் தானாகவே வில்வித்தை கற்றுக்கொண்டான். கற்றுக்கொடுக்காத வாத்தியார் வந்து கட்டைவிரலைக் கூலியாகக் கேட்டார். அவன் அறுத்துக் கொடுத்துவிட்டான். உடனே, "ஆகா, என்ன குருபக்தி!" என்கிறோம். இந்தக் கதையைக் கேட்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? கொஞ்சம் யோசனையுள்ள பிள்ளையானால், "அந்த வாத்தியார் செய்தது நியாயமா, மிஸ்?" என்று கேட்கும். அப்படிக் கேட்ட பிள்ளையைத்தான் நாம் மரியாதை தெரியாத பிள்ளை என்று உட்காரவைத்துவிடுகிறோம். கதையில் வரும் துரோணர் பெயரால் 1985லிருந்து விளையாட்டு ஆசிரியர்களுக்கு இந்திய சர்க்கார் விருதே கொடுத்துவருகிறது. விரலைப் பறிகொடுத்தவன் பக்கம் நிற்பதா, பறித்தவர் பக்கம் நிற்பதா என்பதில் நாம் எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆசிரியருக்கு மரியாதை வேண்டாமென்று நான் சொல்லுவதாக யாரும் கதை கட்டிவிட வேண்டாம். கற்றுக்கொடுக்கிறவருக்கு அவர் கற்றுக்கொடுப்பதற்காகத் தாராளமாய் மரியாதை செய்யட்டும். அந்த மரியாதை பிள்ளையின் விரலையும், கேள்வியையும், வெட்கம் மானத்தையும் விலையாகக் கேட்கக்கூடாது என்றுதான் சொல்லுகிறேன்.

யாருக்கு மரியாதை?

நிற்க. மரியாதை விஷயத்தில் நம்மவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மற்ற தேசத்தாரைவிட அதிகமாகவே தெரியும். நம் பாஷையிலேயே "வா" ஒன்று, "வாங்க" ஒன்று, "வாடா" ஒன்று என்று மூன்று தட்டு வைத்திருக்கிறோம். எந்தத் தட்டில் யாரை நிறுத்துவது என்பதற்கு மாத்திரம் நம்மவர்கள் வயதையும் பார்ப்பதில்லை, குணத்தையும் பார்ப்பதில்லை. ஆறு வயதுப் பண்ணையார் வீட்டுப் பிள்ளை, அறுபது வயதுக் கிழவரைப் பார்த்து, "டேய், இங்கே வா" என்று கூப்பிட்டதையும், அந்தக் கிழவர் தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு, "வந்தேன் சின்ன எஜமான்" என்று ஓடிவந்ததையும் பார்த்தவர்கள் உங்களில் வயதானவர்கள் இருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு மரியாதை கற்றுக்கொடுக்கவில்லை என்று சொல்ல முடியுமா? நன்றாய்க் கற்றுக்கொடுத்தார்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள்.

வகுப்பறையிலும் இதே பாடம் நடந்தது. டாக்டர் அம்பேத்கர் பள்ளிப் பிள்ளையாயிருந்தபோது, உட்காருவதற்கு வீட்டிலிருந்தே ஒரு கோணிப்பையைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தாகமெடுத்தால் மற்றப் பிள்ளைகள் குழாயைத் திறந்து குடிக்கலாம். இவர் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்துச் சேவகன் வந்து திறந்துவிட வேண்டும். சேவகன் வராத நாளில் தண்ணீரும் இல்லை. இதை அவரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்த வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் கணக்கும் சரித்திரமும் எவ்வளவு கற்றார்களோ தெரியாது. இந்தக் குழாய்ப் பாடத்தைத் தினமும் கற்றார்கள்.

நம் நாட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள். 1922இல் திருநெல்வேலி ஜில்லாவில் வ.வே.சு. அய்யர் தமிழ்க் குருகுலம் ஏற்படுத்தினார். அது சேரன்மாதேவியில் நடந்தது. அய்யர் சாமானியப்பட்டவரல்ல. பெரிய படிப்பாளி, திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர், தேசத்துக்காகக் கஷ்டப்பட்டவர். பல ஜாதியாரும் பணம் கொடுத்தார்கள்; காங்கிரசும் பணம் கொடுத்தது. அங்கே இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்கு மாத்திரம் தனியாய்ச் சாப்பாடு போடப்பட்டது. இரண்டே பிள்ளைகள்தானே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. காந்தியார் வரையில் விவகாரம் போயிற்று. 1925இல் அய்யர் குருகுலப் பொறுப்பை விட்டு விலகினார். அந்தக் கிளர்ச்சி எழுந்த அதே வருஷத்தில்தான் "குடி அரசு"ப் பத்திரிகை பிறந்தது.

அந்த இரண்டு பிள்ளைகளின் இலை தனியாய்ப் போனதால் மற்றவர்களுக்குச் சோறு ஒன்றும் குறைந்துவிடவில்லை. குறைந்தது என்ன? சேர்ந்து உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பிள்ளையும், "நான் அவனைவிட மட்டம்" என்று தினம் இரண்டு வேளை தெரிந்துகொண்டான். தனியாய் உட்கார்ந்த இருவரும், "நான் அவர்களைவிட மேல்" என்று தெரிந்துகொண்டார்கள். பிள்ளைகள் விஷயத்தில் இது இரண்டும் கெடுதிதான்.

"அதெல்லாம் பழைய கதை" என்று யாராவது சொல்லலாம். 1920இல் தியாகராயர் தலைவராயிருந்த சென்னை நகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் மத்தியான உணவு கொடுக்கத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. நூறு வருஷமாய்ப் பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்காரவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால், 2023இல் அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற சிற்றூரில், சமைக்கிறவர் ஆதிதிராவிடப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் பெற்றோர் தடுக்கிறார்கள் என்று புகார் எழுந்தது. அமைச்சரும் பாராளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த பிள்ளைகளே ஓர் ஆதிதிராவிட மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அரிவாளை எடுத்த பிள்ளைகள் ஆசிரியர் வந்தால் எழுந்து நிற்கும் பிள்ளைகளாய்க்கூட இருந்திருக்கலாம். எழுந்து நிற்பதை மாத்திரம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தால் நமக்கு இது எப்படிப் புரியும்?

பிள்ளை எங்கே கற்கிறது?

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறேன். இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, கைகூப்பி, ராகம் போட்டு வணக்கம் சொல்லிற்று. ஆசிரியை பெருமையோடு என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் பெஞ்சின்மேல் தண்ணீர் கொட்டிவிட்டது. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளுக்கு அந்தக் குழந்தையின் பாட்டி வயது இருக்கும். அதே குழந்தை அதே வாயால், "ஏய்! இங்கே வந்து துடை" என்றது.

ஆசிரியை திடுக்கிட்டு அதட்டினார். ஆனால், அதட்டிய பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? வாசலைப் பார்த்து, "ஏய், என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறே? துடைச்சிட்டுப் போ" என்றார். குழந்தை தப்பு ஒன்றும் செய்யவில்லை, தோழர்களே! நன்றாய்ப் பாடம் கேட்டு அப்படியே ஒப்பித்தது. கரும்பலகையில் எழுதிய பாடத்தை அல்ல. வாசற்படியில் தினம் நடந்த பாடத்தை.

பிள்ளைகள் நாம் சொல்லுவதைக் காதால் கேட்கிறார்கள்; நாம் செய்வதைக் கண்ணால் பார்த்து அப்படியே செய்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாயிருந்தால் கண்தான் ஜெயிக்கும். ஆகவே ஒரு வகுப்பில் மரியாதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அதிகாரி வரும்போது பிள்ளைகள் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில் பிரயோஜனமில்லை. பெருக்குகிற அம்மாளிடத்திலும், சமைக்கிற அம்மாளிடத்திலும், வகுப்பிலேயே ஏழையாயும் படிப்பில் மந்தமாயும் இருக்கிற பிள்ளையிடத்திலும் அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். சோதனை அங்கேதான் இருக்கிறது.

மரியாதை என்பது முதலில் வாங்கிப் பிறகு கொடுக்கக்கூடிய சாமான். மரியாதையைப் பெற்றேயிராத பிள்ளை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? காலை முதல் மாலை வரையில் "டேய் மடையா", "எருமை", "உருப்படாதவனே" என்று கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையிடம், "வாங்க, போங்க" என்று பேசு என்றால் வெறும் பானையில் அகப்பையைப் போட்ட கதைதான்.

என்ன செய்யலாம்?

குற்றம் மாத்திரம் சொல்லிவிட்டுப் போனால் போதாது. ஆசிரியர்களுக்குக் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஜாதியால் கூப்பிடாதீர்கள், "குண்டன்", "கருப்பி", "கல்லுடைக்கிறவன் மகன்" என்றும் கூப்பிடாதீர்கள். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு சர்க்கார் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் ஜாதி இருக்கக்கூடாது, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், கையில் கலர் கயிறு கட்டிவரக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கிறது. சர்க்கார் உத்தரவு வந்தால்தான் ஒரு பிள்ளையை அதன் பெயரால் கூப்பிடுவோம் என்று இருக்கலாமா?

இரண்டாவது, வணக்கம் இரண்டு பக்கமும் போகட்டும். பிள்ளை வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் சொல்லுங்கள். தலையை மாத்திரம் ஆட்டுவது வணக்கமாகாது. சமையல் அம்மாளுக்கும் பெருக்குகிற அம்மாளுக்கும் ஆசிரியரே முதலில் வணக்கம் சொல்லட்டும். ஒரு வாரத்தில் பிள்ளைகள் தானாகவே சொல்லுவார்கள்.

மூன்றாவது, வகுப்பைச் சுத்தம் செய்வது எல்லாருக்கும் முறை வைத்து வரட்டும். ஜப்பான் தேசத்தில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாய்த் தங்கள் வகுப்பைத் தாங்களே பெருக்கித் துடைக்கிறார்கள். அங்கே அது கௌரவம். நம் பக்கத்திலோ குறிப்பிட்ட சில பிள்ளைகளை மாத்திரம் பார்த்து விளக்குமாற்றைக் கொடுத்து, கக்கூசுக்கும் அனுப்பிய அக்கிரமங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கக்கூஸ் கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. வகுப்பைப் பெருக்குவதானால் எல்லாரும் பெருக்கட்டும். ஆண் பிள்ளையும் பெருக்கட்டும். ஊர்த் தலைவர் பிள்ளையும் பெருக்கட்டும். பெருக்கிப் பார்த்த பிள்ளை பெருக்குகிறவரை "ஏய்" என்று கூப்பிடாது.

நான்காவது, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். இது சீமையிலிருந்து வந்த யோசனையல்ல. 1789 முதல் எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்து, பெரிய பிள்ளைகளைக் கொண்டு சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்து, 1797இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். அது "மதராஸ் முறை" என்ற பெயரோடேயே இங்கிலாந்துக்குப் போயிற்று. பக்கத்துப் பிள்ளையிடம் பாடம் கேட்ட பிள்ளைக்கு, அவனை மட்டமாய் நினைக்க வாய் வராது.

ஐந்தாவது, தப்புச் செய்தால் ஆசிரியர் தப்பென்று ஒப்புக்கொள்ளட்டும். கரும்பலகையில் கணக்குப் பிசகிவிட்டது. ஒரு பிள்ளை எழுந்து சொல்லுகிறது. "சரியாய்ச் சொன்னாய், நான்தான் பிசகினேன்" என்று சொல்லிவிட்டால் உங்கள் மரியாதை போய்விடாது. பிசகை ஒப்புக்கொள்ளாமல் அந்தப் பிள்ளையை அதட்டினால்தான், நாற்பது பிள்ளைகளுக்கும் உங்களைப் பற்றி ஒரு சங்கதி தெரிந்துபோகும்.

கேள்வி கேட்பது அவமரியாதையா?

கடைசியாய், எனக்கு முன் பேசிய தோழர் "எதிர்த்துக் கேள்வி கேட்கிறார்கள்" என்று சொன்னாரே, அதற்கு ஒரு வார்த்தை. கேள்வி கேட்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள். கையைத் தூக்கி, மற்றவன் பேசி முடித்த பிறகு, கூச்சலில்லாமல் கேட்கட்டும். பதில் சொல்லும்போது குறுக்கிடாமல் கேட்கட்டும். இது மரியாதை. ஆனால் கேட்கவே கூடாது என்பது மரியாதையல்ல. கேள்வி கேட்காத பிள்ளை நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கி, பெரியவனானதும் ஜாதி என்றால் ஏன் என்று கேட்காமலும், வரதட்சிணை என்றால் ஏன் என்று கேட்காமலும், பக்கத்தில் நிற்கிறவன் அரிவாளை எடு என்றாலும் ஏன் என்று கேட்காமலும் போய்விடுவான். அந்த "ஏன்" என்ற ஒரு சொல்லை வகுப்பில் காப்பாற்றிக் கொடுப்பதைவிடப் பெரிய உபகாரம் ஆசிரியர் ஒருவர் செய்ய முடியாது.

பெற்றோர்களுக்கும் சொல்லுகிறேன். இந்தத் திருநீர்மலை 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. தினம் காலையில் குப்பை வாங்க ஓர் ஆள் உங்கள் வாசலுக்கு வருகிறார். அவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? "குப்பைக்காரன் வந்துட்டான்" என்று உள்ளே பார்த்துக் கத்துகிறீர்களா, "அண்ணன் வந்திருக்கிறார், வாளியைக் கொண்டா" என்கிறீர்களா? உங்கள் பிள்ளையின் முதல் வகுப்பு அந்த வாசற்படிதான். அங்கே தப்பாய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வந்து வாத்தியார்மேல் பழி போடாதீர்கள்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பல்லாவரத்தில், 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதி மனிதன் கையால் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் அத்தாட்சிகளில் ஒன்று அது. அந்தக் கல்லைச் செதுக்கியவன் என்ன ஜாதி? மேல் ஜாதியா, கீழ் ஜாதியா? யாராவது சொல்ல முடியுமா? அவன் கை வேலை மாத்திரம் நிற்கிறது. இந்தப் பக்கத்தில் நேற்றுவரையில் கல்லுடைத்தவர்களும் தோல் பதனிட்டவர்களும் கையால் உழைத்தவர்கள்தாம். அவர்கள் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கல்லைக் காட்டிப் பாடம் சொல்லுங்கள். உழைக்கிற கைக்கு மரியாதை செய்யக் கற்ற பிள்ளை, ஆசிரியருக்கும் மரியாதை செய்யும், தனக்கும் செய்துகொள்ளும்.

நாளைக் காலையில் வகுப்புக்குப் போகும் ஆசிரியத் தோழர்கள், உள்ளே நுழையுமுன் வாசலில் பெருக்கிக்கொண்டிருக்கும் அம்மாளைப் பார்த்து, பிள்ளைகள் காதில் விழும்படியாக, "வணக்கம் அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நுழையுங்கள். அன்றைய மரியாதைப் பாடம் முடிந்தது. மற்றப் பாடங்களைப் பிறகு நடத்திக்கொள்ளலாம்.